சேனை வைக்கும் விரல்

அண்ணன் அந்த அறைக்குள் வரமாட்டான். கதவை முழங்கையால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, வராந்தாவில் நின்றபடியே அப்பாவோடு சண்டை போடுவான். உள்ளே வர வேண்டுமானால் பிளாஸ்டிக் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். அவை வாசலில் ஒரு சிறிய வண்டியில் அடுக்கியிருந்தன. கதவில் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கியது. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கை கழுவுங்கள் என்று அதில் மலாயில் எழுதியிருந்தது.

"புள்ள பொறக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு டாக்டர் சொல்றார்டா," என்றார் அப்பா.

"டாக்டர் சொல்லுவார். அவர் வீட்டுக்கா போறீங்க?"

"என் வீட்டுக்குப் போறேன்."

"உங்க வீடுதான், யாரு இல்லேன்னா? அந்தக் கிருமி போயிடுச்சின்னு ரிப்போர்ட் வரட்டும். நானே வந்து கார்ல ஏத்திக்கிட்டுப் போறேன். ரிப்போர்ட் இல்லாம வந்தீங்கன்னா கேட்டைத் தொறக்க மாட்டேன்."

"அப்ப சேனை யாருடா வைப்பா?"

அண்ணன் சிரித்தான். "உங்க கையாலயா? ஜாம்பான் போயிட்டுக் கழுவிட்டு வர்ற கைய என் புள்ள வாயில வைக்கணுமா? வேணாம்லா. விமலன் வைக்கட்டும்."

விமலன் நான்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கையுறையோடு நின்று அப்பாவின் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனைப் பார்த்ததைவிட மோசமான பார்வை அது.

நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். எந்த இடத்திலிருந்து தொடங்குவது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

என் அப்பா அப்புசாமி, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஒப்பந்தக்காரர்களிடம் சாரம் கட்டும் வேலை செய்தவர். அம்மா இல்லை. மஸ்ஜித் தானாவில் அப்பா வாங்கிய வீட்டில் அவரும், அண்ணன் தினேஷ்வரனும், அண்ணி அகல்யாவும், நானும் இருந்தோம். அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அதே மாதத்தில்தான் அண்ணி உண்டாகியிருப்பதும் தெரிந்தது. முதல் சில சுற்று மருந்து ஏற்றி ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணிக்கு மாதம் நெருங்கியபோது அடுத்த சுற்றுக்கு மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வார்டில் சேர்க்கும் எல்லாருக்கும் செய்வதுபோல அவருக்கும் குடல் கிருமி பரிசோதனை செய்தார்கள். மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி அவர் குடலில் குடியிருக்கிறது என்று முடிவு வந்தது. அன்றே தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

டாக்டர் என்னிடம் பொறுமையாகவே விளக்கினார். இது நோய் இல்லை. கிருமி குடலில் சும்மா இருக்கிறது. ஆனால் புற்றுநோய் மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கும்போது, குடல் சுவரும் புண்ணாகும். அப்போது அது ரத்தத்துக்குள் நுழைந்தால் காய்ச்சல் வரும். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து கேட்காது. எந்தக் கிருமி என்று முன்பே தெரிந்திருந்தால்தான் முதல் ஊசியே சரியானதாகப் போட முடியும். மற்ற நோயாளிகளுக்குப் பரவாமல் இருக்கத்தான் தனி அறை. வீட்டுக்குப் போகலாம். கழிவறைக்குப் போய்வந்து சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும்.

இதை அப்படியே வீட்டில் சொன்னேன். அண்ணன் காதில் கிருமி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கே அப்பாவின் தட்டையும் குவளையையும் ஒரு பையில் கட்டிப் பின்பக்கம் வைத்தான். அப்பா உட்காரும் நாற்காலியை வெளியே எடுத்துப்போட்டுக் கழுவினான்.

"பயமா இருக்குலா," என்றாள் அண்ணி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "மாமா மேல கோவம் இல்ல. ஆனா பச்சப் புள்ள. கைகழுவினா போதும்னு சொல்றாங்க. மாமா என்னிக்குச் சோப்பு போட்டுக் கழுவியிருக்காரு? நீயே சொல்லு."

அப்பா தண்ணீரில் விரலை நனைத்துக் கைலியில் துடைப்பவர்.

அப்பாவுக்கு வீட்டைவிட சேனைதான் முக்கியம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீரைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்போம். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அண்ணனுக்குச் சேனை வைத்தது எங்கள் பெரிய மாமா. அதனால்தான் அவன் பிடிவாதக்காரன் என்று அப்பா எப்போதும் திட்டுவார். எனக்கு வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. வம்சத்தின் முதல் பேரப்பிள்ளைக்குத் தன் விரல்தான் என்று அப்பா முடிவு செய்திருந்தார். வலி வரும்போதெல்லாம் அதைத்தான் பேசுவார். ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் தேடும்போது, "சீக்கிரம் குத்துமா, எனக்கு அவசர வேலை இருக்கு, பேரப் புள்ளைக்குச் சேனை வைக்கணும்," என்பார்.

அன்று அண்ணன் போன பிறகு அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சந்தோசமா இருக்கா?"

"எதுக்குப்பா?"

"உன்னை வைக்கச் சொல்லிட்டானே. முகத்துல தெரிஞ்சதே."

இல்லை என்றேன். ஆனால் எனக்கே சந்தேகம் வந்தது. அண்ணன் என் பெயரைச் சொன்னபோது ஒரு கணம் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது உண்மைதான். வீட்டில் எதற்கும் என்னை முதலில் கூப்பிட்டதில்லை. அது அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை.

சனிக்கிழமை காலை அகதா மிஸி வந்தார். வார்டில் இருந்த ஒரே தமிழ் நர்ஸ். மாதா கோயில் பதக்கம் சீருடைக்குள் ஒளிந்திருக்கும். குரல் மட்டும் எதற்குள்ளும் ஒளியாது. இந்தக் கிருமிப் பரிசோதனைக்கு வழக்கமாக ஆசனவாயில் பஞ்சுக் குச்சி விட்டு எடுப்பார்கள். அப்பாவுக்குத் தட்டணுக்கள் குறைந்திருந்ததால் ரத்தம் கசியும் என்று, மலத்தையே சிறிய போத்தலில் பிடித்துத் தரச் சொல்வார்கள்.

"அப்பா, வாரம் ஆயிடுச்சு. இன்னிக்குப் போத்தல்."

"என்னா மிஸி, மத்தவங்க எல்லாம் பழம் கொண்டாங்க, பிஸ்கட் கொண்டாங்கன்னு கேப்பாங்க. நீங்க மட்டும் இதைக் கேக்கறீங்க."

"உங்ககிட்ட இருக்கறதைத்தானே கேக்க முடியும்?"

அப்பாவின் பெயர் ஒட்டிய போத்தலை மிஸி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கதவு மூடியதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"விமலா. நீ போயிட்டு வா."

"எங்கப்பா?"

"கீழ ஜாம்பானுக்கு. உன்னுதைப் புடிச்சிக் குடு."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் போத்தலைக் கட்டில்மேல் வைத்துவிட்டேன்.

"முடியாதுப்பா. தப்பு. அவங்க உங்களுக்கு எந்த மருந்து போடறதுன்னு அதை வச்சித்தான் முடிவு பண்றாங்க. இல்லாததை இருக்குன்னும் இருக்கறதை இல்லேன்னும் சொல்லிட்டா, காய்ச்சல் வந்தா..."

"காய்ச்சல் வந்தா சாவேன். அவ்வளவுதானே? இங்க கெடந்து என்னா பண்றேன்? உன் அண்ணன் கேக்கறது ஒரு ரிப்போர்ட். அதைக் கண்ணுல காட்டு. வீட்டுக்குப் போறேன், விரலை வைக்கறேன், திரும்பி வர்றேன். அப்பறம் நீயே போய் மிஸிகிட்டச் சொல்லிக்கோ."

"அப்பா, டாக்டர்கிட்ட அண்ணனைப் பேசச் சொல்லலாம்."

"அவன் பேசினானா? கதவுகிட்ட நின்னு நாய்க்குப் போடற மாதிரி பேசிட்டுப் போறான். நீ அவன் கட்சி."

"இல்லப்பா."

"பின்ன ஏன்டா மாட்டேங்கற? நான் இங்க இருந்தாத்தான் உன் விரல் உள்ள போகும். அதுதானே உன் கணக்கு? சாயங்காலக் கிளாஸ்ல இந்தக் கணக்குத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

மாலை வகுப்பில் நான் கணக்கியல் படிக்கிறேன். பகலில் சுங்கை ஊடாங்கில் ஒரு ஒப்பந்தக்காரரின் ஸ்டோரில் வேலை. எதையும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிட்டே முடிவு செய்யும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் எழுதிப் பார்த்தேன், மனதுக்குள். ஒரு பக்கம் அப்பாவின் உயிர். மறுபக்கம், அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற என் பயம். உயிர்தான் கனமானது என்று எவனுக்கும் தெரியும். ஆனாலும் நான் போத்தலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். எனக்குச் சேனை ஆசை இல்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. ரிப்போர்ட் வந்து அண்ணன் அதைப் பார்த்த மறுநிமிடமே மிஸியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியம் இருந்ததால்தான் என்னால் படியிறங்க முடிந்தது.

போத்தலை வாங்கும்போது அகதா மிஸி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில் அப்பா நன்றாகச் சாப்பிட்டார். வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. வார்டைச் சுத்தம் செய்ய வரும் மலாய்க்கார அக்காவிடம், "சூச்சு, சூச்சு," என்று கையால் குழந்தையைத் தாலாட்டிக் காட்டினார். பேரன் வரப்போகிறான் என்று அந்த அக்கா மற்றவர்களுக்கும் சொன்னாள்.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் கதவருகே நின்று, "இன்னும் இருக்கிறது, அதே கிருமிதான். கவலை வேண்டாம், அணுக்கள் நன்றாக ஏறுகின்றன, வீட்டுக்கு அனுப்பலாம்," என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"என்னாடா இது?"

என் கண் என் வயிற்றுக்குப் போனது.

"உன் வயித்துலயா?" என்றார். முதலில் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "நாசமாப் போனவனே. நீதான் எனக்குக் குடுத்திருக்க. வீட்டுல ஒரே ஜாம்பான். நீ படிக்கற புள்ள, சுத்தக்காரன்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ள இதையா வச்சிருந்த?"

"உங்க மலச்சட்டிய நான்தானேப்பா கழுவினேன். உங்ககிட்டேருந்து எனக்கு வந்திருக்கும்."

"யாருகிட்டேருந்து வந்தா என்னா? என்னுதை அனுப்பியிருந்தா சுத்தமா வந்திருக்கும். அணு எல்லாம் ஏறுதுன்னு டாக்டரே சொல்றார். கிருமியும் போயிருக்கும். உன்னுதை அனுப்பிக் கெடுத்துட்டியேடா."

அனுப்பச் சொன்னது நீங்கள்தானே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் சொன்னது நடந்திருக்கலாம் என்று தோன்றியது. இல்லை என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

வீட்டில் நான் அண்ணி சமைத்த சட்டியைத் தொடாமல் இருந்தேன். என் தட்டை நானே கழுவித் தனியாக வைத்தேன். கழிவறையைக் குளோரக்ஸ் ஊற்றித் தேய்த்தேன். கைத்தோல் உரிந்தது. அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னாலா புதுசா? லவ் ஏதும் வந்திருச்சா? வீட்டு வேலையெல்லாம் பழகற."

"அப்பாவுக்காக அண்ணி. வந்தா சுத்தமா இருக்கணும்ல."

"உங்க அண்ணன் விடமாட்டாரு. நீ வீணாத் தேய்க்காத."

மறுநாளே மிஸியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் எனக்கு வகுப்பில் தேர்வு. அதற்கடுத்த நாள் அண்ணிக்கு வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. அப்பா படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியின் பிரசவக் கட்டடத்தில் பிறந்தது. நான் போனபோது அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் அம்மா பெரியநாயகி அத்தை சுங்கை ரம்பாயிலிருந்து வந்திருந்தார். நர்ஸ் பார்க்காத நேரம் பார்த்து, பைக்குள்ளிருந்து சிறிய வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து, சீனித் தண்ணீரைக் கலக்கினார். அண்ணன் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"வா, வா, சீக்கிரம் வா. நர்ஸ் வந்தா ஏசுவா. கை கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்."

"அப்ப தொட்டு வை. நல்லா படிக்கணும், உன் மாதிரி. அதுக்குத்தான் உன்னைச் சொன்னேன்."

கிண்ணம் என் முன்னால் வந்தது. குழந்தை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சுத்தமாகக் கழுவிய கை. டாக்டர் சொன்ன கணக்குப்படி அந்த விரலால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அதே கணக்கு அப்பாவின் விரலுக்கும் உண்டு. நான் வைத்தால், அப்பாவைத் தள்ளி வைத்த காரணம் பொய் என்று தெரிந்துகொண்டே வைத்ததாகும்.

"என்னால முடியாதுண்ணே."

"ஏன்?"

"அப்பாகிட்ட இருக்கற கிருமி எனக்கும் இருக்கு."

அண்ணனுக்குப் புரியவில்லை. போத்தலைப் பற்றிச் சொன்னேன். வரிசையாகச் சொன்னேன், எதையும் விடாமல். சொல்லச் சொல்ல அவன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனான். முதுகு சன்னலில் இடித்தது.

"நீ... நம்ம வீட்டுல... எத்தனை நாளா?"

"தெரியலை. அதைத்தான் சொல்ல வர்றேன். எத்தனை நாளோ இருந்திருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அண்ணிக்கு ஒண்ணும் ஆகலை. குழந்தை நல்லாப் பொறந்திருக்கு. அப்பா வீட்டுக்கு வந்தாலும் இதேதான். கை கழுவினா போதும்னு டாக்டர் சொன்னது..."

"மூடுடா வாயை!"

அடுத்த கட்டிலில் இருந்த சீன அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"உன் கையால காய் வெட்டிக் குடுத்தியேடா. என் பொண்டாட்டிக்குக் கஞ்சி கலக்கிக் குடுத்தியே. தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சதுக்கப்பறம் எதையும் தொடலைண்ணே."

"தொடலையாம்! கெழவன் கேட்டானாம், இவன் போய் இருந்து புடிச்சிக் குடுத்தானாம். பைத்தியக்காரக் குடும்பம். தூ!"

"தினேஷ், குழந்தை முன்னால துப்பாத," என்றார் பெரியநாயகி அத்தை. "சண்டைய அப்பறம் போடுங்க. வாய் காயுது அதுக்கு. நீயே வை."

அண்ணன் தன் கையைப் பார்த்தான். எங்கள் வீட்டில் ஒரே கழிவறை. ஒரே குழாய். அவன் அதை நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனான். சோப்பு போட்டுக் கழுவினான். துடைத்தான். மறுபடி கழுவினான். வந்து நின்றான். விரலைக் கிண்ணத்தருகே கொண்டுபோனான், இழுத்துக்கொண்டான்.

"நீங்க வைங்க அத்தை."

"நான் தாலியறுத்தவ. நான் வைக்கக் கூடாதுப்பா."

"ஐயோ, போதும்!" என்றாள் அண்ணி. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினோம். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "யாரு விரல் சுத்தம்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே நில்லுங்க. கொண்டாங்கம்மா கிண்ணத்தை."

"பெத்தவளே வைக்கற வழக்கம் இல்லடி."

"இல்லாட்டிப் போவுது." கட்டில் அருகே இருந்த கிருமிநாசினித் திரவத்தால் கையைத் தேய்த்துக் காயவிட்டு, அவளே தொட்டு வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. அதோடு முடிந்தது.

நான் அங்கிருந்து நேராக அகதா மிஸியிடம் போனேன். இதற்குமேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. அவர் வராந்தாவிலேயே நிறுத்திக் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்தது; எடுக்கவில்லை.

"அது நெகட்டிவ்ன்னு வந்திருந்தா என்னா ஆயிருக்கும், தெரியுமா? உங்க அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு நாங்க வேற மருந்து போட்டிருப்போம். அது வேலை செய்யலைன்னு தெரியறதுக்குள்ள அவர் போயிருப்பார். நான் போட்ட ஊசியால போயிருப்பார். நீ படிச்சவன் மாதிரி இருக்கியே, தம்பி!"

"தெரியும் மிஸி."

"தெரிஞ்சே செஞ்சியா? அப்ப நீ உங்க அப்பாவைவிட மோசம்."

நான் தலையாட்டினேன். எனக்கு என்ன மருந்து என்று கேட்டேன்.

"உனக்கு மருந்து கிடையாது. வெள்ளை அணு நல்லா இருக்கறவன் வயித்துல அது சும்மா கெடக்கும். நாளாவட்டத்துல தானாப் போகும், போகாமலும் இருக்கும். கைய கழுவு. எல்லாரோடவும் இரு, சாப்பிடு."

"போயிடுச்சான்னு எனக்கு டெஸ்ட் பண்ணிச் சொல்ல முடியுமா?"

"நல்லா இருக்கறவங்களுக்கு நாங்க அதைப் பார்க்கறது இல்ல தம்பி. பார்த்தா பாதி ஊர் மாட்டும்."

அன்று மாலை அப்பாவிடம் புதிய போத்தல் கொடுக்கப்பட்டது. இந்தமுறை ஒரு ஆண் நர்ஸ் கழிவறைக் கதவருகே நின்றார். அப்பா உள்ளேயிருந்து கெட்ட வார்த்தைகளில் திட்டியது வராந்தா வரை கேட்டது. வெளியே வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாரு வச்சா?"

"அண்ணி."

"அவளேவா?" ஈரக் கையைக் கைலியில் துடைத்தார். "உன்னுது நடுவுல போகாம இருந்தா நான் வச்சிருப்பேன்."

"நீங்கதானேப்பா சொன்னீங்க?" இந்தமுறை கேட்டுவிட்டேன்.

"சொன்னா? நான் சாகப்போறவன், ஆயிரம் சொல்லுவேன். நீ ஏன்டா கேட்ட?"

அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமானால் குவளையைத் தட்டிக் காட்டினார்.

அவருடைய உண்மையான ரிப்போர்ட் வந்தது. கிருமி இல்லை.

அகதா மிஸி அதை அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். "இந்தத் தடவை நெகட்டிவ். ஆனா போயிடுச்சின்னு அர்த்தம் இல்ல, சரியா? அளவு கொறஞ்சா டெஸ்ட்ல சிக்காது. அடுத்த மருந்துக்கு அப்பறம் திரும்ப வரலாம். அதனால கை கழுவறது முக்கியம். கேக்கறீங்களா?" அவர் இரண்டு முறை சொன்னார். அண்ணன் ஓகே, ஓகே என்றான். மிஸி அழைப்பை முடித்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அன்றே அண்ணன் எனக்கு அழைத்தான்.

"அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. எனக்கு லீவு இல்ல, டாக்சி எடுத்துக்கோ. உன் துணிமணியெல்லாம் பையில கட்டி வெளிய வச்சிருக்கேன்."

"அண்ணே, மிஸி என்கிட்டச் சொன்னாங்க, எனக்கு..."

"ரிப்போர்ட் இருக்கா?"

"நல்லா இருக்கறவங்களுக்குப் பார்க்க மாட்டாங்களாம்."

"அப்ப ரிப்போர்ட் கெடச்சதும் வா."

அந்த ரிப்போர்ட் எனக்கு ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை என்பது அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். மாலை வகுப்பில் என்னோடு படிக்கும் குகனிடம் கேட்டேன். மலாக்கா டவுனில் அவன் வாடகை அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னான். காரணம் கேட்டான். வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, இடம் போதவில்லை என்றேன்.

டாக்சியில் அப்பா முன்பக்கம் உட்கார்ந்தார். மஸ்ஜித் தானா வரும்வரை ஓட்டுநரிடம் மழையைப் பற்றியும் சாலை வேலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். பேரப் பிள்ளையைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பின்னால் இருப்பது யார் என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "கூட வந்த பையன்," என்றார்.

வீட்டு கேட் பூட்டியிருந்தது. சுவரோரம் என் பை இருந்தது. நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்து இறக்கினேன். நடக்கும்போது அவர் என்மேல் சாய்ந்துதான் நடந்தார், எடையே இல்லை. லீவு இல்லை என்றவன் வீட்டில்தான் இருந்தான். அண்ணன் வெளியே வந்து பூட்டைத் திறந்தான்.

"வாங்கப்பா."

அப்பா என் கையிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டார். அவரால் அதைத் தூக்க முடியவில்லை. அண்ணன் அதன் காதைப் பிடித்துக்கொண்டான். நானும் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"நீ இங்கயே நில்லு," என்றார் அப்பா.

அண்ணன்கூட அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டைப் பூட்டினான்.

கம்பிகளின் வழியே கூடம் தெரிந்தது. அப்பாவுக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். உள் அறையில் குழந்தை அழுதது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கம் நடந்தார்.

"மாமா, கை கழுவிட்டு வாங்க மாமா," என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"அதான் ஒண்ணும் இல்லேன்னு ரிப்போர்ட் வந்துடுச்சே," என்றார் அப்பா.

"பரவால்ல, ஒரு தடவை கழுவிடுங்கப்பா," என்றான் அண்ணன். கேட்டைத் திறக்க மாட்டேன் என்று கத்தியவனின் குரல் அதில் இல்லை.

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உடனே நின்றுவிட்டது.

"அப்பா, சோப்பு போட்டுக் கழுவுங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "சோப்புப்பா! அண்ணே, அவரைச் சோப்பு போடச் சொல்லு!"

அண்ணன் வாசலுக்கு வந்தான். என்னைப் பார்க்காமல் கதவைச் சாத்தினான்.